விதையிலிருந்து அபூர்வப் பூச்செடிகள்: சேலத்தில் ஒரு கணக்கு, ஏற்காட்டில் ஒரு கணக்கு

சேலம், அழகாபுரம்

பாலைவன ரோஜா என்கிற அடீனியத்தில் ஆரம்பிக்கிறேன். சேலம் வெயிலுக்கு இதைவிடத் தோதான செடி இல்லை. கிளை ஒடித்து நட்டாலும் பிழைக்கும். ஆனால் அடியில் பருத்த தண்டு விதைச்செடிக்குத்தான் ஒழுங்காக அமையும். காய் ஆட்டுக்கொம்பு மாதிரி ஜோடியாக வரும். பழுப்பு ஏறத் தொடங்கியதும் சின்ன வெங்காயம் வரும் வலைப்பையை வெட்டிக் காயைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஏதோ ஒரு மத்தியானம் வெடித்து மொத்தமும் காற்றோடு போய்விடும். விதை ஒரு சென்டிமீட்டர் நீளக் குச்சி, இரண்டு முனையிலும் பட்டுக் குஞ்சம். விரலில் உருட்டினால் கெட்டியாக இருக்கணும், நசுங்கினால் பதர்.

கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) மூன்று தண்ணீர் அலசிப் பிழிந்து, அதே அளவு பெர்லைட் (பொரிந்த வெள்ளைக் கல் துகள்) சேர்க்கணும். பெர்லைட் இல்லையா, சலித்த ஆற்றுமணல் போதும். விதையை வெதுவெதுப்பான நீரில் 3 மணி நேரம் ஊறவைத்து, படுக்கவைத்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் மூடாமல் விடுங்கள். புது விதை 4 முதல் 7 நாளில் எட்டிப்பார்க்கும். மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த விதையின் முளைப்பு குறைந்துகொண்டே போகும்.

முளைப்பு ஒரு பிரச்சினையே இல்லை, அதற்கடுத்த மூன்று வாரம்தான். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு கண்ணாடி மாதிரி நீர்கோத்து, நூலாக இறுகி, காலையில் பார்த்தால் படுத்திருக்கும். நாற்றழுகல். சாயங்காலம் ஊற்றும் தண்ணீர்தான் பாதிக் காரணம்: இரவு முழுக்க மேல்மண் ஈரமாகவே நிற்கிறது. காலையில் மட்டும், ட்ரேயின் அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். கார்பென்டசிம், மேங்கோசெப் கலந்த பூஞ்சாணக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், விதைத்த அன்றும் பத்தாம் நாளும். ஏற்கெனவே சாய்ந்த நாற்றை மருந்து நிமிர்த்தாது. அதைச் சுற்றியுள்ள கலவையோடு சேர்த்து அள்ளி எறியணும்.

ஏற்காடு

சேலம் அண்ணா சொன்ன பக்குவம் அப்படியே மேலே வந்தால் பலிக்காது. இருபது கொண்டை ஊசி ஏறியதும் கணக்கு மாறிவிடுகிறது. டிசம்பர், ஜனவரி ராத்திரிக் குளிரில் அடீனியம் விதை முளைக்காமல் ஈரத்திலேயே ஊறி அழுகும். மார்ச் கடைசிக்கு முன்னால் கை வைக்காதீர்கள்.

இங்கே விதைக்கத் தோதானது சொர்க்கப் பறவைப்பூ, அதாவது பேர்டு ஆஃப் பாரடைஸ். தென்னாப்பிரிக்கச் செடி; அங்கே பறவைகள் செய்யும் மகரந்த வேலையை இங்கே நாம்தான் தூரிகையால் செய்யணும். கறுப்பு விதையின் தலையில் ஆரஞ்சு நிறத்தில் கம்பளிக் குடுமி இருக்கும். அதைப் பிய்த்தெடுத்து, தோலை உப்புத்தாளில் உள்ளே வெளுப்பு தெரியும்வரை ஓரிடத்தில் மட்டும் தேய்த்து, இரண்டு நாள் ஊறவையுங்கள், தண்ணீரை மாற்றி மாற்றி. ஆழம் ஒரு சென்டிமீட்டர். ஒரு மாதத்திலும் வரும், மூன்று மாதமும் இழுக்கும். நடுவில் தோண்டிப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் செடி லாயக்கில்லை. வேர் கனமாக நேரே இறங்குவதால் ட்ரே வேண்டாம், எட்டங்குல பாலித்தீன் பையிலேயே விதைக்கலாம். பூவுக்கு நாலைந்து வருஷம்.

ஓமலூர்

இரண்டு பேரும் தண்ணீரின் தரத்தைத் தொடவில்லையே! போர்வெல் தண்ணீரில் வளரும் நாற்றின் கலவை மேல் வெள்ளைப் பொருக்கு படிகிறதல்லவா, அது உப்பு. அடீனியம் ஓரளவு தாங்கும். பூச்சி தின்னும் குடுவைச் செடி தாங்காது. அதில் நெப்பந்தஸ் காசியானா என்ற வகை மேகாலயாவுக்கே உரியது; அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் காட்டிலிருந்து எடுத்த விதையைத் தொடவே கூடாது. ஆண் வேறு, பெண் வேறு என்பதால் ஒற்றைச் செடி வைத்திருப்பவருக்கு விதை கிடைக்காது. கிடைத்தாலும் சீக்கிரம் விதைக்கணும். நூல் போன்ற விதையை ஈரமான ஸ்பேக்னம் பாசி மேல் தூவினால் போதும், மூடக் கூடாது. மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று இதற்கு ஊற்றிவிடாதீர்கள். உப்பு முழுக்க அதில்தான். உரமும் கிடையாது.

சேலம், அழகாபுரம்

தண்ணீர் விஷயம் சரிதான், விட்டுப்போச்சு. இன்னொன்று: பாக்கெட் படத்தில் இருக்கும் அடீனிய அடுக்குப்பூ விதையில் அப்படியே வராது. கலப்பின விதை, நிறமும் இதழும் கலைந்துதான் வரும். அதே பூதான் வேண்டுமென்றால் ஒட்டுச்செடி வாங்குங்கள். கிள்ளும்போது அடீனியத்தின் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விஷம்.

ஏற்காடு

ஆர்க்கிட் விதை பாக்கெட்டில் வருகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். வாங்காதீர்கள். அது தூசு மாதிரி, உள்ளே சேமிப்பு உணவே கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சை ஊட்டி முளைக்க வைக்கும். இல்லையென்றால் ஆய்வுக்கூடத்தில் அகார் என்ற சத்துக்கூழ் நிரப்பிய குடுவையில்தான். தொட்டி மண்ணில் தூவினால் பாசிதான் முளைக்கும்.