நெல்லையில் ரெண்டு மாசம்: சொதி எங்கே கிடைக்கும்? வேற என்னவெல்லாம் சாப்பிடணும்?

ஆரணிக்காரர்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் ஆரணி, வங்கி வேலை. பாளையங்கோட்டைக் கிளையில் ஆள் குறைவுன்னு ரெண்டு மாசத்துக்கு இங்கே அனுப்பியிருக்காங்க. ஜூன் முதல் வாரம் வந்தேன், ஜூலைக் கடைசியில் திரும்பணும். வீட்டில் எல்லாரும் ஊரிலேயே இருக்காங்க. முருகன்குறிச்சிப் பக்கம் லாட்ஜில் ஒரு அறை. அடுப்பு கிடையாது, தண்ணி சுட வைக்க ஒரு கெட்டில் மட்டும் இருக்கு.

வந்து பத்து நாள் ஆச்சு. காலையில் லாட்ஜுக்குப் பின்னாடி சந்தில் ஒரு அம்மா போடுற இட்லிதான். நாலு பெஞ்சு, ஒரு அண்டா, அவ்வளவுதான் கடை. அங்கே தர்ற மிளகாய்ப்பொடியைப் பத்திச் சொல்லியே ஆகணும். உளுந்தைக் கரகரப்பா உடைச்சிருக்காங்க, பல்லில் படுது. எள்ளு வாசம் தூக்கலா இருக்கு. நடுவில் விரலால் ஒரு குழி பண்ணி நல்லெண்ணெய் ஊத்திட்டுப் போறாங்க, கேட்கக்கூட வேண்டியதில்லை. எங்க வீட்டில் பொடியை மாவு மாதிரி நைசா அரைப்போம். இனிமே உடைச்சுத்தான் வைக்கணும்னு வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்.

மத்தியானம்தான் சிக்கல். கிளைக்குப் பக்கத்தில் கிடைக்கிறது எல்லா ஊர் ஓட்டலிலும் கிடைக்கிற அதே சாப்பாடு. அதே சாம்பார், அதே ரசம், அதே கோஸ் பொரியல். திருநெல்வேலியில் உட்கார்ந்துக்கிட்டு அதைச் சாப்பிட மனசு வரலை.

காரணம் இருக்கு. இருபது வருஷத்துக்கு முன்னாடி எங்க கிளையில் நெல்லைக்காரர் ஒருத்தர் வேலை பார்த்தார். அவர் வீட்டிலிருந்து ஒருநாள் தூக்குச்சட்டியில் சொதி கொண்டு வந்தார். தேங்காய்ப் பால் வாசம், பச்சைமிளகாய்க் காரம், கூடவே கறுப்பா இஞ்சிப் பச்சடி. "எங்க ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு இதுதான்"னார். அந்த ருசி இன்னும் நாக்கில் நிக்குது. வந்த நாளிலிருந்து மூணு ஓட்டலில் சொதி கேட்டேன். ரெண்டு இடத்தில் இல்லைன்னுட்டாங்க. ஒரு இடத்தில் குருமாவைக் கொண்டு வந்து வச்சாங்க.

இன்னொண்ணு, அல்வா. முதல் வாரமே கால் கிலோ வாங்கி ஆபீஸ் ஃபிரிட்ஜில் வச்சேன். மறுநாள் மேலே நெய் வெள்ளையா உறைஞ்சு, ரப்பர் மாதிரி ஆயிடுச்சு. எப்போ, எப்படிச் சாப்பிடணும்? ஞாயித்துக்கிழமைகளில் எந்தப் பக்கம் போகலாம்? கறி, மீன் எல்லாம் சாப்பிடுவேன். ராத்திரியில் எண்ணெய் அதிகமானா மட்டும் வயிறு தாங்காது.

டவுன்வாசி:

வாங்க அண்ணாச்சி. அல்வாவை ஃபிரிட்ஜில வைக்காதீங்க, முதல்ல அதைச் சொல்லிடுதேன். நெய்யிலே வெந்த பண்டம் அது, வெளியிலயே பல நாள் தாங்கும். உறைஞ்சு போச்சுன்னா தூக்கி எறியாதீங்க. சின்னக் கிண்ணத்துல போட்டு, அந்தக் கிண்ணத்தைச் சுடுதண்ணியில பத்து நிமிஷம் வச்சா இளகிடும். உங்க கெட்டில் அதுக்குப் போதும்.

ஆனா அல்வாவைக் கிலோக் கணக்குல வாங்கி அறையில வச்சுத் திங்குறது ஊருக்குக் கொண்டு போறவங்க வழி. நாங்க அம்பது கிராம், நூறு கிராம்னு வாங்கி, நின்ன இடத்திலயே சூடாச் சாப்பிடுவோம். சாயந்திரம் டவுனுக்கு பஸ் ஏறி வாங்க. நெல்லையப்பர் கோயில் எதுத்தாப்புல கீழ ரத வீதியில இருட்டுக்கடை. சாயந்திரம்தான் திறப்பாங்க, அதுக்கு முன்னாலயே வரிசை நிக்கும். வரிசையைப் பார்த்து மலைக்காதீங்க, மளமளன்னு நகரும். இலைத்துண்டில வச்சுக் குடுத்ததும் விரலால எடுத்துப் பாருங்க. நெய் இலையில வழியும், அல்வா விரல்ல ஒட்டாம வழுக்கும். மெல்ல வேண்டியதே இல்ல, அதுவா இறங்கிடும்.

சம்பா கோதுமையை ஊறப்போட்டு ஆட்டிப் பால் எடுத்து, ராத்திரி முழுக்கத் தெளிய வச்சு, மேல நிக்கிற புளிச்ச தண்ணியை வடிச்சுட்டு, அடியில தங்கின பாலைத்தான் கிண்டுதாங்க. அந்த லேசான புளிப்பு இருக்கதாலதான் இத்தனை சீனியும் நெய்யும் திகட்டாம இருக்கு. நிறத்துக்கு எதுவும் சேர்க்க வேண்டாம், சீனி முறுகுற முறுகல்லயே அந்தச் செம்பழுப்பு வந்துரும். எல்லாம் தாமிரபரணித் தண்ணின்னு எங்க தாத்தா சத்தியம் பண்ணுவாங்க, நானும் அந்தக் கட்சிதான்.

முடிச்சதும் ஒரு கை காராச்சேவு வாயில போட்டுட்டு, கோயிலுக்குள்ள போய் இசைத்தூண் பக்கம் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க. இந்த மாசம் ஆனித் திருவிழா வேற. தேரன்னைக்கு நாலு ரத வீதியும் ஆளா நிக்கும், அன்னைக்கு அல்வாக்கடைப் பக்கம் ஒதுங்கவே முடியாது. ரெண்டு நாள் முன்னப் பின்ன வாங்க.

பாளைமருமகள்:

அண்ணா, நான் மதுரையில பொறந்து பாளையங்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்தவ. சொதி எனக்கும் இங்கே வந்துதான் அறிமுகம். அதனால நீங்க தவிக்கிறது எனக்குப் புரியுது.

ஓட்டலில் ஏன் இல்லைங்கிறதுக்குக் காரணம் தேங்காய்ப் பால்தான். எங்க மாமியார் ஆறு பேருக்கு ரெண்டு பெரிய தேங்காய் உடைப்பாங்க. மூணு தரம் பால் எடுக்கணும். மூணாம் பால்லயும் ரெண்டாம் பால்லயும் காய் வேகும். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முருங்கைக்காய், முழுசு முழுசா சின்ன வெங்காயம். காரத்துக்குப் பச்சைமிளகாயும் இஞ்சியும் மட்டும்தான், வத்தல் பொடி சேர்க்கவே கூடாது. வேக வச்ச பாசிப்பருப்பு கொஞ்சம் கரைச்சு விடுவாங்க. முதல் பாலைக் கடைசியில ஊத்தி, ஓரத்துல நுரை கூடுறப்பவே இறக்கிடணும். கொதிச்சா திரிஞ்சு போயிடும். இறக்கி வச்ச பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழியணும். இதைப் பதினொரு மணிக்கு வச்சு, மூணு மணி வரைக்கும் சூடு பண்ணிச் சூடு பண்ணிப் பரிமாற முடியாது. ஓட்டல்காரங்க மேல தப்பில்லை.

அதனால ஓட்டலை விட்டுட்டு, வீட்டில் சமைச்சுக் கொடுக்கிறவங்களைத் தேடுங்க. பெருமாள்புரம், மகாராஜநகர் பக்கம் ஆர்டர் எடுத்துச் சமைக்கிற வீடுகள் நிறைய இருக்கு. உங்க கிளையிலேயே உள்ளூர்க்காரங்க இருப்பாங்களே, அவங்க வீட்டு விசேஷத்துக்கு யார் சமைச்சாங்கன்னு கேளுங்க. நாலஞ்சு பேர் சேர்ந்து முதல் நாளே சொல்லிட்டீங்கன்னா சந்தோஷமா செஞ்சு தருவாங்க. இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குக் காரக்கறியும் சேர்த்துச் சொல்லுங்க. இவ்வளவு தேங்காய்ப் பால் செரிக்கணுமே, அதுக்குத்தான் இஞ்சி.

அதே கையோட உளுந்தஞ்சோறும் கேளுங்க. தோலோட உடைச்ச கறுப்பு உளுந்து, அரிசி, முழுப் பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ எல்லாம் ஒண்ணா வெந்து வரும். தொட்டுக்க எள்ளுத் துவையல். பார்க்க நிறமே இருக்காது. முதல் தடவை தட்டைப் பார்த்து நான் முகம் சுளிச்சேன். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு இடுப்புக்குப் பலம்னு செஞ்சு தருவாங்க. இப்போ எங்க வீட்டில் மாசத்துக்கு ரெண்டு தடவை நானே வைக்கிறேன்.

புரோட்டாப்பிரியன்:

ராத்திரி எண்ணெய் ஆகாதுன்னு சொல்லிட்டீங்க, அதனால புரோட்டாவை ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மாத்திக்கோங்க. குத்தாலத்துல இப்ப சாரல் நேரம். காலையில தென்காசி ரயிலைப் பிடிச்சுப் போய், அருவியில நல்லா நனைஞ்சுட்டு, செங்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால இருக்க பிரானூர் பார்டருக்குப் போங்க. சின்னச் சின்னப் புரோட்டா, பிச்சுப் போட்டு மேல சால்னா, பக்கத்துல பொரிச்ச நாட்டுக்கோழி. குளிச்ச பசிக்கு அதுதான் சரி.

இன்னொரு ஞாயிறு திருச்செந்தூர். முருகனைப் பார்த்துட்டு, வெளிய வரும்போது சில்லுக்கருப்பட்டி வாங்குங்க. சுக்கு வாசத்தோட இருக்கும், கெட்டில் தண்ணியில ரெண்டு துண்டு போட்டா ராத்திரிக்குக் கருப்பட்டிக் காப்பி ஆச்சு. பதநீர் முடியப் போற நேரம் இது. வழியில பனையோலைப் பட்டையில ஊத்திக் குடுத்தா காலையிலயே குடிச்சிடுங்க, வெயில் ஏற ஏறப் புளிச்சிடும்.

ஆரணிக்காரர்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். கணக்கு முடிக்கிற வேலையில் மூழ்கிட்டேன்.

சொதி கிடைச்சிடுச்சு!

தங்கச்சி சொன்ன மாதிரியே எங்க கிளையில் நகை மதிப்பீடு பண்றவர்கிட்டே கேட்டேன். அவர் அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சமைச்ச அம்மா பெருமாள்புரத்தில் இருக்காங்கன்னு கூட்டிப்போனார். ஆறு பேர் சேர்ந்து சொன்னோம். சனிக்கிழமை மத்தியானம் அவங்க வீட்டுக் கூடத்திலேயே இலை போட்டாங்க.

நான் குழம்பு மாதிரி கொஞ்சமா வாங்கிப் பிசையப் போனேன். அந்த அம்மா விடலை. "அண்ணாச்சி, பிசையாதீங்க. சோத்தை நல்லா உடைச்சு விடுங்க, நான் ஊத்துதேன்"னு சொல்லி, சோறு முங்குற அளவுக்கு ரெண்டு கரண்டி ஊத்தினாங்க. இளமஞ்சள் நிறம், மேலே நெய்யில் வதக்கின சின்ன வெங்காயம் மினுமினுங்குது. முருங்கைக்காய் விரலில் எடுத்தாலே கழண்டு வருது. நாலு வாய்க்கு ஒரு தடவை இஞ்சிப் பச்சடியை நக்கிக்கிட்டேன். புளியும் வெல்லமும் முன்னாடி வருது, இஞ்சி பின்னாலேருந்து தொண்டையைப் பிடிக்குது. அந்தத் தூக்குச்சட்டி ருசி அப்படியே இருந்துச்சு. இலையிலிருந்து எழுந்ததும் அந்தப் பழைய நண்பருக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்று இப்போ மகனோட பெங்களூரில் இருக்கார். "இஞ்சி காஞ்சு இருந்துச்சா, பிஞ்சா இருந்துச்சா?"ன்னு அதைத்தான் முதலில் கேட்டார். பிஞ்சுன்னேன். "அப்ப சரியான ஆளுதான்"னார்.

எங்க ஊர் அரிசிக்குப் பேர் போனது, அதனால ஒண்ணு சொல்றேன். சொதிக்குச் சோறு கொஞ்சம் விறைப்பா இருக்கணும். குழைஞ்ச சோத்தில் பால் நிக்காது. அந்த அம்மா அதைச் சரியா வடிச்சிருந்தாங்க.

டவுன்வாசி அண்ணாச்சி, அல்வாவும் நீங்க சொன்னபடியே நூறு கிராம், இலையில், நின்னுக்கிட்டே. ரெண்டு தடவை போயாச்சு. பிரானூர் போக இன்னும் நேரம் வாய்க்கலை, தம்பி கோவிச்சுக்க வேண்டாம்.

வர்ற வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மாவும் மகளும் மூணு நாள் இங்கே வர்றாங்க. சனிக்கிழமைக்கு உளுந்தஞ்சோறு சொல்லி வச்சுட்டேன். தங்கச்சிக்கு ஒரு கேள்வி: அந்த உடைச்ச கறுப்பு உளுந்து பாளை மார்க்கெட்டில் கிடைக்குமா? ஊருக்கு ரெண்டு கிலோ கொண்டு போகணும். எள்ளும் இங்கேயே வாங்கிடவா?

பாளைமருமகள்:

கிடைக்கும் அண்ணா. தோல் உளுந்துன்னு கேளுங்க, புது உளுந்தான்னு கையில அள்ளி மோந்து பார்த்து வாங்குங்க. எள்ளு கறுப்பு எள்ளா வாங்கிடுங்க. அண்ணியை சனிக்கிழமை அந்த அம்மா சமைக்கும்போதே அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, தண்ணி அளவு கண்ணால பார்த்தாத்தான் வரும்.