பத்தாம் வகுப்புக்கு விளையாட்டும் மன்றமும் வேண்டாமா? கிராமத்து உயர்நிலைப் பள்ளிகள் பற்றி ஒரு விவாதம்

கரிசல்வெளி:

நான் படித்த அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர் சார்பில் இருக்கிறேன். போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்புக்கு விளையாட்டு, நூலகம், மன்றம் எதுவும் கிடையாது. அந்தப் பாடவேளைகளைக் கணக்கு, அறிவியல், ஆங்கிலத்துக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்றார்கள். ஒன்பதாம் வகுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். பெற்றோர் பலர் தலையாட்டினார்கள். நான் எதிர்த்தேன். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நகரத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கு வெளியே நீச்சல் குளம் உண்டு, பாட்டு வகுப்பு உண்டு, பெரிய நூலகம் உண்டு. கிராமத்துப் பிள்ளைக்கு இவை எல்லாமே பள்ளிக்கூடம் ஒன்றுதான். மேடையேறிப் பேசுவது, ஒரு அணியை நடத்துவது, தோற்றுவிட்டு மறுநாள் மறுபடி ஆடப் போவது, எல்லாம் அங்கேதான் கிடைக்கும். பத்தாவதோடு உயர்நிலைப் பள்ளி முடிந்துவிடுகிறது. பதினொன்றுக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும், போகாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கடைசி வருடத்திலிருந்து இதைப் பிடுங்குவது நியாயமில்லை.

ஊரையும் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. இடமும் கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். இன்று பணம்கூட வேண்டாம், நேரம் கொடுக்கட்டும். பழைய கபடி ஆட்டக்காரர், தவில் வாசிப்பவர், தையல் தெரிந்த அக்கா மாலையில் வந்து சொல்லித்தரட்டும். இதில் என்ன தப்பு?

கோணமானி:

நான் கணக்குப் பட்டதாரி ஆசிரியர். பணி முழுக்கக் கிராமத்து உயர்நிலைப் பள்ளிகளில்தான். அந்த யோசனையைச் சொன்னவர் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாமல் சொல்லியிருக்க மாட்டார் சார்.

பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35 வேண்டும். நாலு பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டுக் கணக்கில் 28 எடுத்த பிள்ளை என்ன ஆகிறது? துணைத் தேர்வு சீக்கிரமே வருகிறது. வீட்டில் படித்தவர் இருந்தால் எழுத வைப்பார்கள். இல்லாத வீட்டில் பையன் அந்தக் கோடையிலேயே வேலைக்குப் போய்விடுகிறான். கையில் காசு பார்த்தவனைத் திரும்பக் கூட்டிவருவது எவ்வளவு கஷ்டம் என்று அவன் வீட்டு வாசலில் போய் நின்றவர்களுக்குத் தெரியும். பெண்ணாக இருந்தால் வரன் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்தது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரி படிக்கும்போது மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. இத்தனையும் பத்தாவதைத் தாண்டியவர்களுக்குத்தான். சின்னப் பள்ளியில் பாடத்துக்கு ஒரே ஆசிரியர். ஆறு முதல் பத்து வரை அவரே பார்க்க வேண்டும். காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு வைத்தும் மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு நேரம் போதவில்லை. ஜனவரியிலிருந்து தேர்வு வரைக்கும்தானே கேட்கிறோம்? அந்த நேரம் இல்லாமல் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோனால் யார் பதில் சொல்வது?

செம்பருத்தி:

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் போய்வருகிறாள். கரிசல்வெளி தம்பி, உங்கள் முதல் பாதி எனக்குச் சம்மதம். "மாலையில் வந்து சொல்லித்தரட்டும்" என்ற இடத்தில் சம்மதமில்லை.

பள்ளி விட்டதும் வரும் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். பஸ் பாஸ் இலவசம், ஆனால் பஸ் வர வேண்டுமே. அரசு கொடுக்கும் சைக்கிளும் பதினொன்றாம் வகுப்பில்தான் கைக்கு வருகிறது. அப்படியானால் மாலைப் பயிற்சி யாருக்கு? பள்ளி இருக்கிற ஊர்ப் பையன்களுக்கு மட்டும். பெண்பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் பிடிக்கணும், ஆடு மாட்டைப் பார்க்கணும், தம்பி தங்கையைப் பார்க்கணும். அந்த நேரத்தில் மைதானமும் அவர்களுக்கான இடமாக இருப்பதில்லை, வெளி ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அதனால் கணக்கு சாரிடமும் நான் சண்டைதான் போடுவேன். பள்ளி நேரத்துக்குள் இருக்கிற அந்த விளையாட்டுப் பாடவேளை ஒன்றுதான் என் மகளுக்கு மிச்சம். அதையும் எடுத்துவிட்டால் அவள் ஓடுவதே இல்லை. பையன் சாயங்காலம் எங்கேயாவது பந்தடித்துக்கொள்வான், இவளுக்கு வேறு இடம் ஏது?

அப்புறம் ஒன்று. மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. உங்கள் கூட்டத்தில் தலையாட்டியவர்களில் அம்மாக்கள் எத்தனை பேர் வாய் திறந்து பேசினார்கள்? கேட்டுச் சொல்லுங்கள்.

ஆற்றோரம்:

எனக்கு வேறு பயம். "ஊரையும் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும்" என்கிறீர்கள். எந்தத் தெருவை?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளி மாணவர்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டிவருவதைத் தடைசெய்ய வேண்டும் என்பது அதில் ஒரு பரிந்துரை. ஒரு கயிற்றைப் பற்றி நீதிபதி எழுத வேண்டிய நிலையில் நம் பள்ளிகள் இருக்கின்றன.

உங்கள் பழைய கபடி ஆட்டக்காரர் எந்தக் குழுவுக்கு ஆடியவர்? எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு குழு இருக்கிறது. பனியனில் இருக்கும் பெயரைப் பார்த்தாலே எந்தத் தெரு, எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். அவர் வந்தால் யாரை ரெய்டு போக அனுப்புவார், யாரை ஓரத்தில் உட்கார வைப்பார்? முன்னாள் மாணவர்களைக் கூப்பிட்டால் வசதியானவர்கள் வருவார்கள். மைக்செட் அவர்கள் செலவு, மேடையில் முதல் நாற்காலி அவர்களுக்கு. ஆண்டு விழாவில் பறை அடிக்க ஆள் வேண்டும் என்றால் குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்கு யாரும் கூப்பிடவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஊர் இல்லாத ஒரே இடம் பள்ளிதான். அதை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

கரிசல்வெளி:

செம்பருத்தி அக்கா, மாலை வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை என்று கேட்கிறேன். கூட்டத்தில் அம்மாக்கள் இருந்தார்கள், பேசியது இரண்டு பேர்தான். அதில் ஒருவர் விளையாட்டு வேண்டும் என்றார்.

ஆற்றோரம், நீங்கள் சொல்லும் எல்லாம் எங்கள் பக்கமும் உண்டு. ஆனால் பள்ளி ஊர் இல்லாத இடம் என்பதை நான் ஏற்கவில்லை. வாசலைப் பூட்டினாலும் காலையில் பிள்ளைகளோடு ஊரும் உள்ளே வந்துவிடுகிறது. அந்தக் கயிறு கையில்தானே கட்டப்பட்டிருக்கிறது? வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வருடம் முழுக்க இருந்துவிட முடியும். கபடியில் அப்படி முடியாது. பிடிக்க நிற்பவர்கள் கை கோத்து நிற்க வேண்டும். கோ-கோவில் உட்கார்ந்திருப்பவன் முதுகைத் தொட்டு "கோ" சொன்னால்தான் அவன் எழுந்து ஓட முடியும். தொடாமல் ஆட முடியாத ஆட்டங்கள் இவை. இவற்றைப் பத்தாவதில் நிறுத்திவிட்டுச் சமத்துவத்தைப் பாடமாக மட்டும் நடத்தினால் எப்படி இறங்கும்?

ஆற்றோரம்:

கை கோத்து ஆடுவார்கள், தோற்றதும் யாரால் தோற்றோம் என்ற பேச்சு தெருவுக்குத் தெரு போகும். ஆட்டம் மட்டும் ஒன்றும் செய்யாது. அணியை யார் பிரிக்கிறார்கள், கேப்டன் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆசிரியர் பிரிக்கட்டும். ஊர்க்காரர் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

வாசிப்பறை:

நான் தமிழாசிரியை. அணியைப் பிரிக்கும் வழி கையிலேயே இருக்கிறது. 2024-இல் அரசுப் பள்ளிகளுக்கு மகிழ் முற்றம் என்ற மாணவர் குழுத் திட்டம் வந்ததே, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். குலுக்கிப் போட்டுப் பிள்ளைகளைப் பிரித்தால் எந்தத் தெருப் பிள்ளை எந்தத் திணையில் என்று யாராலும் முடிவு செய்ய முடியாது. கேப்டன் பொறுப்பையும் சுற்றில் விட வேண்டும். எங்கள் பள்ளியில் அப்படிச் செய்கிறோம். ஒரு தந்தை வந்து மகனைக் குழு மாற்றச் சொன்னார். தலைமையாசிரியர் மாற்றவில்லை, பையன் அதே குழுவில்தான் இருக்கிறான்.

என் மனக்குறை வேறு. 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகிறது, வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். அருமையான திட்டம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வட்டாரத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில், நன்றாக ஆடும் அதே நாலைந்து பிள்ளைகளையே எல்லாவற்றுக்கும் நிறுத்துகிறோம். மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். சின்னப் பள்ளியின் பலமே எல்லோரையும் இழுத்துவிடலாம் என்பதுதான். அமெரிக்காவின் கன்சாஸ் மாநில உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து ரோஜர் பார்க்கர், பால் கம்ப் இருவரும் 1964-இல் இதைத்தான் எழுதினார்கள். பெரிய பள்ளியில் நிகழ்ச்சிகள் அதிகம், ஆனால் ஒரு மாணவர் பொறுப்பெடுத்து நிற்கும் வாய்ப்பு சின்னப் பள்ளியில்தான் அதிகம். நாடகத்துக்கு ஆள் பற்றவில்லை என்றால் வாயே திறக்காத பிள்ளையையும் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்?

கோணமானி சார், அறிவியல், கணக்குச் செயல்பாடுகளுக்கான வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரைதான். பிள்ளைகளுக்கு அரசு வெளியிடும் தேன்சிட்டு இதழ் ஒன்பதோடு சரி. பத்தாவதுக்கு ஏற்கெனவே குறைவாகத்தான் இருக்கிறது. அதிலிருந்தும் எடுக்க வேண்டுமா?

கோணமானி:

டீச்சர், உங்கள் பள்ளியில் மன்றம் நிஜமாக நடக்கிறது. பல இடங்களில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்து, கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஏற்றுவதோடு முடிகிறது. உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே இல்லாத பள்ளியில் விளையாட்டுப் பாடவேளை என்றால் பையன்கள் பந்தை எடுத்துக்கொள்வார்கள், பெண்கள் மரத்தடியில் உட்காருவார்கள். அப்படி வீணாகும் நேரத்தைத்தான் கேட்கிறேன். எல்லோரையும்கூட வேண்டாம். 35-ஐ எட்ட முடியாமல் நிற்கும் பிள்ளைகளை மட்டும் என்னிடம் விடுங்கள், மற்றவர்கள் ஆடட்டும்.

மூன்றாம் பெஞ்ச்:

சார், நான் அந்த 35-ஐ எட்டாமல் நின்ற பையன்தான். நான் பள்ளிக்கு வந்ததே கோ-கோவுக்காக. குறுவட்டப் போட்டியில் ஆட வேண்டும் என்ற ஒரே ஆசையில் லீவு போடாமல் வந்தேன். "ஸ்பெஷல் கிளாஸுக்கு வராதவன் டீமில் இல்லை" என்று பி.டி. சார் சொல்லிவிட்டார். அதனால் கணக்கு வகுப்பிலும் உட்கார்ந்தேன், பத்தாவது தேறினேன். எங்களை மட்டும் தனியாகப் பிரித்து, மற்றவர்கள் ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்க்க வைத்திருந்தால் அடுத்த வாரமே நின்றிருப்பேன். மார்க் குறைந்தவன் என்று ஊருக்கே தெரிகிற மாதிரி அல்லவா ஆகிவிடும்? தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

கோணமானி:

தம்பி, நீங்கள் தேறியதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். உங்கள் பி.டி. சார் மாதிரி ஒருவர் இருந்தால் நான் என் பாடவேளையையே அவரிடம் கொடுப்பேன். பிள்ளைகளைப் பிரிப்பது வேண்டாம் என்பதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பயிற்சி கொடுக்க ஆள் இல்லாத பள்ளியில், பிப்ரவரி பிறந்த பிறகு, அந்த நேரம் பாடத்துக்குப் போக வேண்டும் என்பதில் நான் மாற மாட்டேன்.

செம்பருத்தி:

பெண்கள் மரத்தடியில் உட்காருகிறார்கள் என்றால் ஏன் என்று யாராவது கேட்டீர்களா சார்? உடை மாற்ற அறை இல்லை, கழிவறையில் தண்ணீர் இல்லை. மாதவிடாய் நாளில் ஓடச் சொன்னால் எந்தப் பிள்ளை ஓடும்? அவர்கள் ஆடவில்லை என்பதைக் காரணமாக வைத்து அந்த நேரத்தை எடுக்காதீர்கள்.

கரிசல்வெளி:

அடுத்த கூட்டத்துக்கு நான் எழுதியிருக்கும் தீர்மானம் இது: பத்தாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை பிப்ரவரி கடைசி வரை விளையாட்டுக்கும் மன்றத்துக்கும் இருக்கும், அதில் ஒன்று பெண்கள் கோ-கோவுக்கு மட்டும். அணிகள் மகிழ் முற்றக் குழுக்களின்படி, குலுக்கல் முறையில். வெளியிலிருந்து யார் சொல்லித்தர வந்தாலும் ஒரு ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும், அணி பிரிப்பதில் வந்தவருக்கு வேலை இல்லை. உடை மாற்றும் அறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் குழுவே பொறுப்பு.

கோணமானி:

அணி, அறை, தண்ணீர் மூன்றுக்கும் என் ஆதரவு. "பிப்ரவரி கடைசி வரை" என்பதை "ஜனவரி கடைசி வரை" என்று மாற்றினால் முழுத் தீர்மானத்துக்கும் கை தூக்குவேன்.

ஆற்றோரம்:

வெளி ஆள் வரும் பகுதியை எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் சரி.

செம்பருத்தி:

தண்ணீர்க் குழாயை முதல் வரியில் எழுதுங்கள் தம்பி. கடைசியில் இருந்தால் அதுதான் முதலில் விட்டுப்போகும்.