புதுப்பிப்பு: அடியில் தீய்ந்து மேலே வேகாத சாதம், சரியாகிவிட்டது

அடி தீய்ந்து, மேலே மட்டும் அரைவேக்காடாக நிற்கிற சாதத்துக்கு வழி கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

தண்ணீரைக் கூட்டியதில் பலன் இல்லை. அடி குழைந்தது, மேலே நறுக்கென்றே இருந்தது. கைகொடுத்தது, மூடி இடுக்கில் ஆவி போகிறது என்று சொன்னவரின் யோசனைதான். மூடியைச் சுத்தமான துணியால் சுற்றி, முனைகளை மேலே முடிந்துவிட வேண்டும், தொங்கவிட்டால் தீப்பிடிக்கும்.

நீள அரிசி 1 கப் கழுவி, 20 நிமிடம் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 1½ கப், உப்பு அரை டீஸ்பூன். அடி கனமான பாத்திரத்தில் கொதி வந்ததும் மூடி, சிம்மில் 12 நிமிடம். அணைத்தபின் இன்னும் 10 நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. மேல் பருக்கைகள் முழுசாக வேகுவது அப்போதுதான். பிறகு முள்கரண்டியால் ஓரத்திலிருந்து கிளறினால் உடையாது.

எதிர்பாராத ஒன்று: 2 கப் அரிசிக்கு 3 கப் தண்ணீர் அதிகம். அளவு இரட்டித்தாலும் ஆவியாகிப் போவது இரட்டிப்பதில்லை. 2¾ கப் போதும்.

பரிமாற, சூட்டோடு ஒரு ஸ்பூன் வெண்ணெய், கொஞ்சம் மிளகுத்தூள். எலுமிச்சை பிழிவதானால் சற்று ஆறியபின் பிழியுங்கள், மணம் நிற்கும்.