பிஆர்சிஏ1 பாசிட்டிவ்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

தோழிகளுக்கு வணக்கம். அம்மாவுக்கு சினைப்பைப் புற்றுநோய், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. அவருடைய மரபணுப் பரிசோதனையில் பிஆர்சிஏ1 (BRCA1) என்ற மரபணுவில் இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் தெரிந்தது. எனக்கும் எடுத்தோம், இருக்கிறது. வயது 36, ஒரு மகள்.

பொதுவாக 100 பெண்களில் ஒருவருக்கு வரும் சினைப்பைப் புற்றுநோய், இந்த மாற்றம் இருந்தால் 40 பேருக்கோ அதற்கும் மேலோ வரலாமாம். ஸ்கேன், சிஏ 125 ரத்தப் பரிசோதனை இரண்டையும் நம்பிக் காத்திருக்க முடியாது, 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுவது நல்லது என்கிறார் டாக்டர். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. மாதவிடாய் நிற்கும் முன்பே இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? உடம்புச் சூடு, தூக்கமின்மை, எலும்பு பலவீனம் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்? ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்களா?

அதைவிட மனதை அரிப்பது வேறு. தாய்மாமாவுக்கு இரண்டு பெண்கள், பெரியவளுக்கு வரன் பார்க்கிறார்கள். மாமாவுக்கு இந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பரிசோதனை செய்யச் சொன்னால், "ஆம்பளைக்கு எதுக்குடி இது? வெளியில தெரிஞ்சா கல்யாணம் நடக்குமா?" என்கிறார் அத்தை. அவர் பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்களுக்குத் தெரியாமலே போவதை என்னால் ஏற்க முடியவில்லை. நேரே அவர்களிடமே சொல்லலாமா? உங்கள் வீட்டில் எப்படிப் பேசினீர்கள்?

மதுரைப் பக்கம் குடும்பத்தோடு உட்கார்ந்து பொறுமையாக விளக்கும் மரபணு ஆலோசகர் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். சென்னை, வேலூர் என்றாலும் வருகிறோம்.