உணவகத்தில் வீகன் உணவு: சமையலறைக்குள் போய்ச் சேரும்படி கேட்பது எப்படி?

நீலவானம் எழுதியது:

பால், முட்டை, தேன் உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சாப்பிடாத வீகன் நான். வீட்டில் இதனால் எந்தச் சிரமமும் இல்லை. வெளியே போகும்போதுதான் தடுமாறுகிறேன். தனியாகப் போனால் எனக்குப் பழகிய இடத்துக்குப் போய்விடுவேன். அலுவலக நண்பர்களோடு போகும்போது இடத்தை வேறொருவர் முடிவு செய்துவிடுகிறார்.

போன வாரம் எங்கள் குழுவில் ஒருவருக்கு வழியனுப்பு விருந்து. உணவுப் பட்டியலில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் பச்சை இலை போட்டிருந்தார்கள். அந்த இலைக்கு என்ன பொருள் என்று எங்கும் எழுதவில்லை. பரிமாறுபவரிடம் கேட்டேன். "எல்லாம் காய்கறிதான், தைரியமாகச் சாப்பிடுங்கள்" என்றார். சூப் வந்தது. அதன் மேல் பாலேட்டைச் சுழித்து ஊற்றியிருந்தார்கள். திருப்பி அனுப்பினேன். பாலேட்டைக் கரண்டியால் எடுத்துவிட்டு அதே கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள் என்பது கிண்ணத்தின் விளிம்பைப் பார்த்தபோதே தெரிந்தது. மேசையில் பேச்சு நின்றுபோனது. வேறொருவருக்காக நடந்த விருந்து என் தட்டைப் பற்றியதாக மாறிவிட்டதே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இப்படி ஆகாமல் இருக்க, யாரிடம் எதைக் கேட்க வேண்டும்? பட்டியலில் வீகன் உணவு எதுவுமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? இறைச்சி பொரித்த எண்ணெயில் பொரிக்கும் உருளைக்கிழங்கை நீங்கள் சாப்பிடுவீர்களா? உணவகச் சமையலறையில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

அடுப்படி எழுதியது:

தோழி, நான் உணவகச் சமையல்காரன். இளவயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவன், இன்றும் இதில்தான் இருக்கிறேன். உங்களுக்கு நடந்ததைப் படித்தபோது கோபம் வந்தது. பாலேட்டை வழித்து எடுத்துவிட்டு அதே கிண்ணத்தை மேசைக்கு அனுப்பியவர் தன் தொழிலுக்குத் துரோகம் செய்திருக்கிறார்.

நீங்கள் இரவு எட்டு மணிக்குக் கேட்கிற கேள்விக்கான விடை காலையிலேயே முடிவாகிவிடுகிறது. காலையில் வந்தவுடன் நாங்கள் முதலில் ஏற்றுவது ஸ்டாக் எனப்படும் எலும்புச்சாறு. பிறகு சாஸ்கள், ஊறவைக்க வேண்டியவை, பொரிப்பதற்கான மாவுக் கரைசல், குளிரூட்ட வேண்டிய இனிப்புகள் எல்லாம் தயாராகும். இரவில் ஆர்டர் சீட்டு வரும்போது நாங்கள் புதிதாகச் சமைப்பது குறைவு. செய்துவைத்தவற்றைச் சூடாக்கி, சேர்த்து, தட்டில் அடுக்குகிறோம். காலையில் கலந்துவிட்டதை இரவில் பிரித்தெடுக்க யாராலும் முடியாது. கடைசி நிமிடத்தில் சேர்ப்பதை மட்டும்தான் தவிர்க்க முடியும். பாலேடு, துருவிய சீஸ், வெண்ணெய் ஆகியவை அந்த வகை.

எனவே "இதில் பால் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இந்தச் சூப்பை எந்தச் சாறில் கொதிக்கவைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பூசணி சூப், தக்காளி சூப் என்று பெயர் இருக்கும், அடியில் கோழிச்சாறு இருக்கும். சோற்றையும் சில இடங்களில் அதே சாறில் வேகவைப்பார்கள். காய்கறிச்சாறுதான் என்று பதில் வந்தால், அங்கேயே செய்ததா அல்லது கடையில் வாங்கிய பொடியா என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். பொடிகளில் சிலவற்றில் பால்பொருள் இருக்கிறது.

சாஸ்களில் மீன் ஒளிந்திருக்கும். ஊர்ஸ்டர் சாஸில் நெத்திலி சேர்ப்பது மரபு. தாய்லாந்து, வியட்நாம் உணவுகளில் மீன்சாறு உப்பின் இடத்தில் நிற்கிறது. ஜப்பானிய உணவகத்தில், புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். அதன் அடித்தளமான தாஷியைப் பெரும்பாலும் உலர்த்திப் புகையூட்டிய மீன் சீவல்களிலிருந்துதான் எடுக்கிறார்கள். கொம்பு என்ற கடற்பாசியில் மட்டும் எடுத்த தாஷியும் உண்டு. இருக்கிறதா என்று கேட்டால், விவரம் தெரிந்த சமையல்காரர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சியிலும் இறால் விழுதோ மீன்சாறோ சேர்ப்பது வழக்கம்.

பாஸ்தா விஷயம் எளிது. உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். "எங்கள் சமையலறையில் புதிதாகத் திரட்டியது" என்று பெருமையாக எழுதியிருந்தால் அதில் முட்டை இருக்க வாய்ப்பு மிகுதி. காய்கறி பர்கரில் வடையைப் பிணைக்க முட்டை வெள்ளையைச் சேர்த்திருக்கலாம். பளபளக்கும் பிரியோஷ் ரொட்டி என்றால் வெண்ணெயும் முட்டையும் உறுதி.

வெளியில் இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாத ஒன்று சொல்கிறேன். காய்கறிகளை எண்ணெயில் வதக்கி, இறக்கும் நேரத்தில் ஒரு கரண்டி வெண்ணெய் போட்டுச் சுழற்றுவது எங்கள் கை பழகிய செயல். பளபளப்புக்காகவும் மணத்துக்காகவும் செய்கிறோம். அதை யாரும் ஒரு பொருளாகவே எண்ணுவதில்லை. பரிமாறுபவருக்கும் தெரியாது. ஆகவே "இறக்கும்போதும் வெண்ணெய் வேண்டாம்" என்று தனியாகச் சொல்லுங்கள். சீட்டில் வீகன் என்று எழுதினால் மட்டும் போதாது, "பால், வெண்ணெய், சீஸ், முட்டை, தேன், மீன்சாறு வேண்டாம், தனி வாணலி" என்று எழுதச் சொல்லுங்கள். நெருப்புக்கு முன்னால் நின்று சீட்டைப் படிப்பவனுக்குப் பொருள்களின் பெயர்தான் உடனே மனதில் ஏறும்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி முன்கூட்டியே தொலைபேசியில் பேசுவது. மதியக் கூட்டம் முடிந்து மாலை வேலை தொடங்கும் முன், மூன்று முதல் ஐந்து மணிக்குள் அழையுங்கள். சமையலறையில் பொறுப்பில் இருப்பவரிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் நாளே அழைத்தால் இன்னும் நல்லது. உங்களுக்கென்று ஒரு பங்குக் காய்கறிச்சாறைத் தனியாக எடுத்துவைக்க எங்களுக்கு நேரம் கிடைக்கும். மேசையில் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கும் சங்கடமும் இல்லாமல் போகும். விருந்து யாருக்காகவோ அவரைப் பற்றியே பேசலாம்.

பட்டியலில் எதுவும் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இறைச்சியை எடுத்துவிட்டு மீதமுள்ள கீரையையும் கேரட்டையும் தட்டில் வைத்துத் தருவதை நான் உணவாகவே மதிக்க மாட்டேன். பசி அடங்காது, அவமதிப்பு மட்டும் மிஞ்சும். "இதற்குப் பதில் என்ன சேர்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். கொண்டைக்கடலை, அவரை விதை, பருப்பு, டோஃபு என்ற சோயாக் கட்டி, காளான், கொட்டைகள் ஆகியவற்றில் ஒன்றிரண்டு இல்லாத சமையலறை அரிது. அந்தக் கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொல்கிற இடம்தான் வீகன்களை வரவேற்கிற இடம். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாம் பட்சம்.

மழைச்சாரல் எழுதியது:

என் மகனுக்குப் பால் ஒவ்வாமை. அதனால் உணவகங்களின் ஒவ்வாமைப் பட்டியலைப் படிப்பது எனக்கு அன்றாட வேலையாகிவிட்டது. வீகன்களுக்கும் அது மிகவும் பயன்படும், நீலவானம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதிப்படி, 2014 டிசம்பர் முதல் உணவகங்களும் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலைத் தந்தாக வேண்டும். அவற்றில் பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, சிப்பி கணவாய் வகை ஆகிய ஐந்தும் உங்களுக்குத் தேவையானவை. பெரிய சங்கிலி உணவகங்கள் பல இந்தப் பட்டியலை இணையத்திலேயே வைத்திருக்கின்றன. ஆனால் அதில் இறைச்சிக்கும் தேனுக்கும் கட்டம் கிடையாது. கோழிச்சாறும், விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் அதில் தெரியாமல் போகலாம். அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

நாடு மாறினால் மறுபடியும் பாருங்கள். மெக்டொனால்ட்ஸின் உருளைக்கிழங்கு வறுவலில் அமெரிக்காவில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி இருக்கிறது, அதில் பால்பொருளும் அடக்கம். பிரிட்டனில் அதே நிறுவனத்தின் வறுவலில் அது கிடையாது.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீகன் என்று எழுதியிருப்பதை நம்பி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு எதையும் கொடுத்துவிடாதீர்கள். வேண்டுமென்றே பால் சேர்க்கவில்லை என்பதைத்தான் அந்தச் சொல் உறுதிசெய்கிறது. ஒரே கத்தி, ஒரே பலகை வழியாகச் சிறிதளவு கலந்திருக்கலாம். பிரிட்டனின் உணவுத் தர முகமையும் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. வீகன்களுக்கு அது மன நெருடல். எங்கள் வீட்டில் அது ஆம்புலன்ஸ்.

வேர்கள் எழுதியது:

அடுப்படி ஐயா சொன்ன நுணுக்கங்கள் அருமை. ஆனால் ஒரு விஷயத்தில் நான் உடன்படவில்லை. இறைச்சி வேகும் அடுப்புக்குப் பக்கத்தில் நமக்கு ஒரு தனி வாணலி கேட்டு ஏன் மன்றாட வேண்டும்? ஒரே எண்ணெயில் கோழியும் உருளைக்கிழங்கும் பொரிக்கும் இடத்தில் நான் சாப்பிட மாட்டேன். நம் பணம் முழுக்க வீகனாக நடக்கும் உணவகங்களுக்குப் போக வேண்டும். பிரான்சின் ஆரெஸ் ஊரில் கிளேர் வாலே 2016-ல் ஓ.என்.ஏ. என்ற உணவகத்தைத் தொடங்கியபோது, வழக்கமான வங்கிகள் கைவிரித்த நிலையில் பொதுமக்களிடம் திரட்டிய நிதி அவருக்குக் கைகொடுத்தது. 2021-ல் அந்த உணவகம், சிறந்த உணவகங்களுக்கு மிஷ்லின் வழிகாட்டி நூல் தரும் நட்சத்திரத்தைப் பெற்றது. பிரான்சில் முழு வீகன் உணவகம் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. அப்படிப்பட்டவர்களைத்தான் நாம் வாழவைக்க வேண்டும்.

அடுப்படி எழுதியது:

வேர்கள், உங்கள் உறுதியை மதிக்கிறேன். முழு வீகன் உணவகம் அருகில் இருந்தால் முதலில் அங்கேதான் போக வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அங்கே உட்கார்ந்தவுடன் பட்டியலின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எதையும் விசாரிக்காமல் கேட்கலாம். அந்த நிம்மதிக்கு ஈடு கிடையாது.

எண்ணெய் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பொதுத் தொட்டியில் பொரித்ததைப் பட்டியலில் வீகன் என்று எழுதக் கூடாது என்பது என் கருத்து. மாவுத் துகள்களும் கொழுப்பும் அந்த எண்ணெயில் மிதக்கின்றன, நாங்கள் அதைக் கண்ணால் பார்க்கிறோம். சாப்பிடுவதா வேண்டாமா என்பது சாப்பிடுபவரின் முடிவு. 1944-ல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சொசைட்டி தன் வரையறையிலேயே 'இயன்றவரை, நடைமுறைக்கு ஏற்றவரை' என்ற பொருள்பட ஒரு வரி வைத்திருக்கிறது. சிலர் அதைச் சொல்லி உருளைக்கிழங்கைச் சாப்பிடுகிறார்கள், சிலர் விலக்குகிறார்கள். இரு தரப்பிடமும் நான் குறை காணவில்லை. விலக்குபவர்கள், அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் கலப்பு உணவகங்களை விட்டுவிட முடியாது. எட்டுப் பேர் அமரும் மேசையில் ஒருவர் மட்டும் வீகன் என்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி. அந்த ஏழு பேரும் வேறு இடத்துக்கு வரச் சம்மதிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நியூயார்க்கின் இலெவன் மேடிசன் பார்க் என்ற உணவகம் 2021-ல் இறைச்சியை முழுவதுமாக நிறுத்தியது, மூன்று மிஷ்லின் நட்சத்திரங்களையும் தக்கவைத்துக்கொண்டது. அப்படிப்பட்ட இடமே 2025-ல் இறைச்சியைத் திரும்பக் கொண்டுவந்தது. எனக்கு அந்தச் செய்தி வேதனையாக இருந்தது. அதனால்தான் கலப்புச் சமையலறைகளுக்குள் நல்ல வீகன் உணவுகள் நுழைய வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

எங்கள் சமையலறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண்மணி முதல் நாளே தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். அவருக்காகக் காலிஃபிளவரை அடுப்பில் நன்கு சிவக்கச் சுட்டு, வேகவைத்து மசித்த வெள்ளை அவரை விதையின் மேல் வைத்து, அக்ரூட்டும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்த சாஸை ஊற்றிக் கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் அது என்னவென்று கேட்டு வாங்கினார்கள், அவர்கள் வீகன்கள் அல்லர். அடுத்த பட்டியல் அச்சாகும்போது அந்த உணவும் அதில் ஏறியது. சாப்பிட்டுவிட்டு "நன்றாக இருந்தது, பட்டியலில் சேர்த்தால் மறுபடி வருவேன்" என்று உரிமையாளரிடமே சொல்லிவிட்டுப் போங்கள். சமையல்காரன் பத்து முறை சொல்வதைவிட வாடிக்கையாளர் ஒருமுறை சொல்வது அவர் காதில் ஏறும்.

திசைகாட்டி எழுதியது:

பயணம் அதிகம் செய்பவள் என்பதால் தேடும் முறையைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். 1999-ல் தொடங்கிய ஹேப்பிகவ் தளத்தில் முழு வீகன் உணவகங்கள், சைவ உணவகங்கள், வீகன் உணவுகளும் கிடைக்கும் இடங்கள் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். மூன்றாவது வகைக்குத்தான் கவனம் தேவை. நட்சத்திர மதிப்பீட்டை விட்டுவிட்டுக் கடைசியாக வந்த கருத்துகளின் தேதியைப் பாருங்கள். சமையல்காரர் மாறினால் செய்முறையும் மாறிவிடும்; இரண்டு ஆண்டுக்கு முன் வெண்ணெய் இல்லாமல் வந்த ரொட்டியில் இன்று வெண்ணெய் இருக்கலாம்.

நீங்கள் கருத்து எழுதும்போதும் "அருமை, கட்டாயம் போங்கள்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். எந்த உணவு, எதை நீக்கச் சொன்னீர்கள், பதிலுக்கு என்ன சேர்த்தார்கள், எண்ணெய்த் தொட்டி தனியா, விவரம் சொன்னது பரிமாறுபவரா சமையலறையா என்று எழுதுங்கள். இனிப்பில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பால் சேர்க்காத பழ ஐஸான சோர்பே கிடைத்ததா அல்லது எல்லாவற்றிலும் பால்தானா என்று யாரும் எழுதுவதில்லை. சாப்பாடு முடிந்த பிறகு எல்லோரும் கரண்டியோடு இருக்கும்போது கறுப்புக் காபியோடு உட்கார்ந்திருப்பது நாம்தான். மூடிவிட்ட உணவகத்தைக் கண்டால் அதையும் தளத்தில் தெரிவித்துவிடுங்கள். அடுத்தவர் பசியோடு அந்தக் கதவு வரை நடக்க வேண்டியிருக்காது.