பிரிந்துபோன கொம்பன் தாயை அடையாளம் காணுமா?

சோலையாறு:
வால்பாறை, மளுக்கப்பாறை பக்கம் தேயிலைக்காட்டில் இறங்கும் யானைக் கூட்டங்களில், கொம்பன் (தந்தமுள்ள ஆண் யானை) பத்துப் பதினைந்து வயதுக்குள் விலகிவிடுகிறது. பல வருடம் கழித்து அதே கூட்டத்தைச் சந்தித்தால் தாயைத் தெரியுமா? எதிரே நிற்கும் யானையின் வாயில் தும்பிக்கையை வைத்தாலே “மகன்தான்” என்கிறார்கள். நம்பலாமா?

பரம்பிக்குளத்தான்:
தாயைத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆனால் வாயில் தும்பிக்கை வைப்பது அதற்குச் சாட்சி ஆகாது. உறவில்லாத யானைகளும் அப்படித்தான் நலம் விசாரிக்கும். இளம் கொம்பன் பெரிய கொம்பனிடமும் அதையே செய்யும்.

யானைக்கு மோப்பமும் குரலும்தான் அடையாளம். ஜெர்மனி உயிரியல் பூங்காக்களில் 2 வருடமும் 12 வருடமும் பிரிந்திருந்த தாய்-மகள் ஜோடிகளைச் சேர்ப்பதற்கு முன், ஒன்றின் லத்தியை (சாணத்தை) மற்றதிடம் வைத்துப் பார்த்தார்கள் (2023-இல் வெளியானது). உறவு யானையின் லத்தி என்றதும் உறுமின, காதை அடித்தன. அந்நிய லத்திக்கு அந்தப் பரபரப்பு இல்லை. கென்யாவின் அம்போசெலியில், இறந்துபோன பெண் யானையின் குரலை 23 மாதம் கழித்து ஒலிபெருக்கியில் போட்டபோதும் அதன் குடும்பம் பதில் குரல் கொடுத்தது.

இவை பெண் யானைகள், அதுவும் ஆப்பிரிக்க இனம். கொம்பன் விஷயத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது, அதே அம்போசெலியில் 2007-இல் வந்த மரபணு ஒப்பீடு: நெருங்கிய உறவுள்ள பெண்களோடு கொம்பன்கள் இணைசேர முயல்வது குறைவு. உறவை ஏதோ ஒரு வழியில் பிரித்தறியாமல் அது நடக்காது.

நெல்லியாம்பதி:
முதலில் அது அதே கொம்பன்தானா? இந்த வயதில் தந்தம் நீளும், ஒடியும். பழைய படத்தின் தந்தத்தை வைத்து ஒப்பிட்டால் தப்பும். காதில் ஏற்கெனவே உள்ள ஓட்டையும் கிழிசலும் போகாது, புதிது சேரும். அதனால் இரண்டு காது, வால் முறிவு, முன்கால் நகங்கள் தெரியும்படி இருபுறமும் படம் வேண்டும்.

உறவு உறுதியாக வேண்டுமானால் லத்தியில் மரபணுச் சோதனைதான், அதுவும் வனத்துறை அனுமதியோடு. அன்றைய ஈரம் காயாத லத்தியின் மேற்பரப்புப் பிசுபிசுப்பை மட்டும் வழித்து எத்தனாலில் போட வேண்டும். குடல் செல்கள் அங்கேதான் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது புல்லும் மூங்கிலும், அதைச் சேர்த்தால் சோதனை கெடும். மழையில் கரைந்த லத்தியைத் தொடாதீர்கள்.

சோலையாறு:
மதம் பிடித்திருந்தால் படம் எடுக்கலாமா?

பரம்பிக்குளத்தான்:
வேண்டாங்க. கன்னத்தில் மதநீர் வழிந்து, சிறுநீர் சொட்டிக்கொண்டே நடந்தால் வண்டியைப் பின்னால் எடுத்துவிடுங்கள். மதம் தணிந்த பிறகு படம் எடுக்கலாம்.