டாஷ்போர்டு: ஒரு சொல் போதாது

கார்ச் சொற்களுக்குத் தமிழ் தேடும் குழுவினருக்கு வணக்கம். டாஷ்போர்டுக்கு ஒருவர் அனுப்பிய மடலுக்கு இது பதில்.

> டாஷ்போர்டு = முகப்புப் பலகை. இத்தோடு முடித்துக்கொள்வோமே.

முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான் ஐயா. ஆனால் காரின் முகப்பு என்றால் கிரில்லும் விளக்குகளும் இருக்கும் மூக்குப் பக்கம்தான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலச் சொல்லைப் பெயர்ப்பதிலும் பயனில்லை. குதிரைக் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் தெறிக்காமல் இருக்க அடித்த பலகை அது. குதிரை போனபிறகும் பெயர் தங்கிவிட்டது.

எனக்கு இந்தச் சிக்கல் வந்த கதை வேறு. சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை 2017 ஜூலையில் மூடினார்கள் அல்லவா, அதற்குச் சில வாரம் முன்பு அங்கே, ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் செய்த ஒரு பழைய கார் வேகமானி வாங்கினேன். வட்ட முகம், 90 மைல் வரை கோடு, அடியில் குட்டியாக ஒரு பெட்ரோல் முள். எந்தக் காரிலிருந்து கழன்றது? மினி என்றேன் நான். மாரிஸ் மைனர் என்றார் மச்சான். இரண்டும் பழைய பிரிட்டிஷ் கார்கள். மைனரில் 1954 முதலும் மினியில் அது பிறந்த 1959 முதலும் வேகமானி நட்டநடுவில்தான் இருந்தது, அதனால் இடத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. கடைசியில் கண்ணாடி போட்டுப் பார்த்தபோது, முகத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நான்கிலக்க எண். கார் ஒரு மைல் ஓடுவதற்குள் வேகமானியை இயக்கும் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதன் கணக்கு அது. பல்சக்கர விகிதமோ டயர் அளவோ மாறினால் எண்ணும் மாறும். உதிரிபாகப் பட்டியலோடு ஒப்பிட்டோம், மச்சான் தோற்றார். அந்த எண்ணுக்கு 'மைல்சுற்று எண்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பழைய காரை அடையாளம் காண்பவருக்குப் பலகை வேறு, அதில் பதித்த மானிகள் வேறு. பலகை காரோடு துருப்பிடித்துப் போகும். மானிகள் கழன்று சந்தைக்கு வரும். ஆகவே இரண்டு சொல் வேண்டும். பலகைக்கு 'முன்பலகை'. மானிகளுக்கு?

'மானித் தொகுதி' என்றால் சிங்கப்பூரில் தேர்தல் வாசனை அடிக்கிறது, குழுத்தொகுதி மாதிரி. 'மீட்டர் போர்டு' ஊரில் கரண்ட் மீட்டருக்குப் போய்விட்டது. சாவிக்கொத்து என்கிறோமே, அதுபோல் 'மானிக்கொத்து' என்று வைத்துக்கொள்ளலாம். கொத்து பரோட்டா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் காரில் ஒரே ஒரு வட்டம்தானே என்று யாராவது கேட்பீர்கள். சரி, பெட்ரோல் முள்கூட இல்லாமல் பல வருடம் ஓடிய வண்டி அது. ஒற்றைப் பூவைக் கொத்து என்பதில்லை. அங்கே வெறும் 'மானி' போதும்.

'மானி' வேண்டாம், 'அளவி' என்று மாற்றுங்கள் என்ற மடலையும் பார்த்தேன். வெப்பமானி பள்ளியிலேயே மனதில் பதிந்துவிட்டது, என்னை விட்டுவிடுங்கள்.

அப்புறம், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப முன்பலகையில் இழுக்கிற சோக் குமிழுக்கு இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.